மின்கலத்தைக் கரைக்கும் தொடர்பாடல்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். மின்விசிறி நின்றதையும் நீரிறைக்கும் இயந்திரம் நின்றதையும் விட, கையடக்கத் தொலைபேசியின் மூலையில் குறைந்துகொண்டே போன அந்தச் சிறிய எண்தான் பலரைப் பதறவைத்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்தியபோதும் அதே பதற்றம் தோன்றியது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கி மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தபோது, அந்த எண் சிலருக்கு உயிரோடு சம்பந்தப்பட்ட கணக்காகவே இருந்தது.

அவ்வேளைகளில் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நான் தொலைபேசியைத் தொடவே இல்லை, பிறகு எப்படி இரவோடிரவாகப் பாதி தீர்ந்தது?" இக்கேள்விக்கான விடையைத் தேடிச் சென்றால், இணையத்தோடு இணைந்து மின்கலத்தில் இயங்கும் சாதனங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு சிக்கலில் போய் நிற்கலாம். தொலைபேசி, கைக்கடிகாரம், தனித்து வாழும் முதியவரின் கழுத்தில் தொங்கும் அவசர அழைப்புப் பொத்தான், கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கும் உணரி ஆகிய எல்லாவற்றுக்கும் அச்சிக்கல் உண்டு. சிந்திப்பதற்கு அவை செலவிடும் சக்தி சிறிது. பேசுவதற்கும், பேச்சு வருமா என்று காத்திருப்பதற்கும் செலவிடும் சக்தியே பெரிது.

காத்திருப்பதற்கு ஏன் சக்தி வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்குவது கடினமன்று. 1990 ஆம் ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற் போனது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், மெழுகுதிரி ஆகியவற்றோடு பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் திரியும் வைத்து எரித்த விளக்கின் வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். இதை எழுதுபவரும் அவர்களுள் ஒருவர். நாளிதழ்கள் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சான அக்காலத்தில், வெளியுலகச் செய்திக்கு வானொலியே கதி. பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஓரிரு நாட்கள் உயிரூட்டிப் பார்ப்போம். அதுவும் தீர்ந்தால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் கேட்கும். சுற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தியாளரின் குரலும் தளர்ந்துவிடும்.

அந்த ஏற்பாட்டில் ஒரு பொறியியல் ஒளிந்திருந்தது. செய்தி இத்தனை மணிக்கு வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே அந்த அரை மணித்தியாலம் மட்டும் வானொலி உயிர்பெறும். மற்றைய இருபத்து மூன்றரை மணித்தியாலமும் அது ஒரு வெறும் பெட்டி. நேரம் தெரியாதிருந்திருந்தால், செய்தி எப்போது வருமோ என்று நாள் முழுவதும் அதைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருக்கும். இரண்டே நாளில் பற்றரி தீர்ந்துபோயிருக்கும். அதிற் பெரும்பகுதி வெறும் இரைச்சலைக் கேட்டே தீர்ந்திருக்கும். இன்றைய சாதனங்களின் மின்கலம் தீர்வதும் பெரும்பாலும் இவ்விதமே. ஒரு சாதனத்தின் வானலை வாங்கி, செய்தி வந்தாலும் வராவிட்டாலும் திறந்திருக்கும் வரையில் ஏறக்குறைய ஒரே அளவு மின்னோட்டத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

எனவே பொறியியலாளர்கள் கடந்த முப்பது ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையின் சாரம், வானொலிக்கு ஒரு "செய்தி நேரம்" குறித்துக் கொடுப்பதாகும். கையடக்கத் தொலைபேசி பயன்பாட்டில் இல்லாதபோது எப்போதும் விழித்திருப்பதில்லை. கோபுரம் அதனை அழைக்கிறதா என்று ஏறத்தாழ ஒன்றேகால் செக்கனுக்கு ஒருமுறை கண்திறந்து பார்த்துவிட்டு மீண்டும் உறங்குகிறது. அழைப்பு மணி ஒலிக்கச் சிறு தாமதம் ஏற்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டிலுள்ள வை-பை கருவியும் சுமார் 100 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை, "இன்னாருக்குப் பொதி வந்திருக்கிறது" என்று ஓர் அறிவித்தல் விடுக்கும். உறங்கும் சாதனங்கள் அவ்வறிவித்தலுக்கு மட்டும் விழித்தெழுந்து பெயரைப் பார்த்துக்கொள்ளும். 2021 இல் அங்கீகரிக்கப்பட்ட வை-பை 6 நியமம் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒவ்வொரு சாதனமும் தான் எப்போது விழிக்கும் என்பதைக் கருவியோடு முன்கூட்டியே பேசி ஒப்பந்தம் செய்துகொள்ள இடமளித்தது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இருவர் ஒரே நேரத்தில் விழிக்க வேண்டுமானால் இருவரின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். மலிவான சாதனங்களிலுள்ள படிகக் கடிகாரம் பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழைவிட்டாலே நாளொன்றுக்கு 1.7 செக்கன் விலகிவிடும். அவ்விலகலுக்கு இடம்விட்டு முன்கூட்டியே விழித்துக் காத்திருக்கவேண்டும். அந்த முன்விழிப்பும் செலவுதான். வானொலியின் மணியொலிக்குக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்து வைத்துக்கொண்ட அந்நாளைய பெரியவர்கள் இதனை உடனே விளங்கிக்கொள்வார்கள்.

தொலைபேசிக்குத் திரும்புவோம். உறங்கும் தொலைபேசியை எழுப்புவது யார்? பெரும்பாலும் அதற்குள் இருக்கும் செயலிகளே. நான்காம் தலைமுறை வலையமைப்பில் ஒரு செயலி ஒரு சிறு தகவலை அனுப்பினால், அனுப்பி முடிந்தவுடன் வானலை அடங்கிவிடுவதில்லை. இன்னும் ஏதேனும் வரக்கூடும் என்று சுமார் 10 செக்கன் வரை விழித்தபடியே இருக்கும். நூறு எழுத்துச் செய்தியொன்றை அனுப்புவதற்குக் கணப்பொழுது போதும். அதற்குப் பிந்திய காத்திருப்பே அதன் உண்மையான விலை. ஐந்து செயலிகள் ஐந்து வெவ்வேறு நிமிடங்களில் எழுப்பினால் அவ்விலையை ஐந்து தடவை கொடுக்கவேண்டும். ஐந்தும் ஒரே நேரத்தில் சேர்ந்து அனுப்பினால் ஏறக்குறைய ஒரு தடவைக்கான விலையோடு காரியம் முடிந்துவிடும். கடைக்கு ஐந்து தடவை சைக்கிள் மிதிப்பதற்கும், சாமான் பட்டியலோடு ஒருதடவை போய்வருவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இன்னொரு கசிவும் உண்டு. ஒரு செயலி தனது சேவைக் கணினியோடு இணைப்பொன்றைத் திறந்து வைத்திருந்தால், இடையிலுள்ள வலையமைப்புக் கருவிகள் சில நிமிட மௌனத்தின் பின் அவ்விணைப்பை மறந்துவிடும். மறக்கவிடாமல் இருப்பதற்காக "நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்" என்று வெற்றுச் செய்திகளை இடையிடையே அனுப்பவேண்டும். ஒவ்வொரு செயலியும் தனித்தனியே இவ்வாறு குரல்கொடுத்தால் மின்கலம் என்னாகும்? இதற்கு மாற்றாகவே, எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரே ஓர் இணைப்பை இயங்குதளம் காத்து, அதன் வழியே அறிவித்தல்களைத் தள்ளிவிடும் முறையை அப்பிள் நிறுவனம் 2009 இலும் கூகுள் 2010 இலும் கொண்டுவந்தன. 2015 இல் வெளியான அண்ட்ராய்ட் 6, மேசையில் அசையாது கிடக்கும் தொலைபேசியின் செயலிகளைக் கட்டிப்போட்டு, இடைவெளிவிட்டு வரும் சிறு நேரங்களில் மட்டும் அவை ஒன்றாக வலையமைப்பை நாடுவதற்கு அனுமதித்தது. சில செய்திகள் தாமதித்து வந்துசேர்வதாகக் குறைப்படுபவர்கள் உண்டு. அத்தாமதம் மின்கலத்துக்காகக் கொடுக்கப்படும் விலை.

தீவகத்தவர்களுக்கும் கடற்றொழிலாளர்களுக்கும் இன்னொரு பாரம் உண்டு. அது தூரம். தடையற்ற வெளியில் தூரம் இருமடங்காகும்போது, அதே வலிமையுடன் சமிக்ஞை சென்றடைய நான்கு மடங்கு வலு வேண்டும். நிலத்தின் மீதும் மதில்களுக்கூடாகவும் செல்வதானால் அதைவிட அதிகம். கோபுரம் அருகிலிருந்தால் தொலைபேசி மெல்லிய குரலில் பேசும். தொலைவிலிருந்தால் தொண்டை கிழியக் கத்தும். இரண்டாம் தலைமுறைத் தொலைபேசியொன்று இவ்வாறு உச்சத்தில் 2 வாற்று வரை கத்தக்கூடியது. நான்காம் தலைமுறையில் உச்சம் 0.2 வாற்று. சமிக்ஞையே கிடைக்காத இடத்திலோ, கோபுரத்தைத் தேடித் தேடியே மின்கலம் கரையும். நெடுந்தாரகைப் படகில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் பயணி ஒருவர் தொலைபேசியைத் தொடாமலே மின்கலம் இறங்கக் கண்டால் அதில் மாயம் ஏதுமில்லை. கடலில் இருக்கும் நேரத்தில் அதனை விமான நிலைக்கு மாற்றி வைப்பது, திரையின் ஒளியைக் குறைப்பதைவிடப் பல வேளைகளில் அதிகம் மிச்சம் பிடிக்கும்.

தொலைபேசியையாவது இரவில் மின்னேற்றலாம். ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாத சாதனங்களின் நிலை என்ன? இவ்விடயம் யாழ்ப்பாணத்துக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் நமது கிணறுகள். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், சுண்ணக்கற் பாறையின் பொந்துகளில் தங்கும் மழைநீரே நமது குடிநீரும் தோட்டநீரும். உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை அது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பள்ளிப் பருவத்திலேயே கேள்விப்பட்டிருக்கிறோம். எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எவ்வளவு உவர் ஏறியது என்பதை ஆள் அனுப்பி அளப்பது செலவானது. நூற்றுக்கணக்கான கிணறுகளில் தொடர்ந்து அளப்பது ஏறத்தாழ இயலாதது. மின்கலத்தில் இயங்கும் சிறு உணரி ஒன்று அதனைச் செய்யும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏணியோடு சென்று மின்கலம் மாற்றவேண்டுமானால், அளக்க ஆளையே அனுப்பியிருக்கலாம்.

கணக்கைப் பார்ப்போம். சாதாரண இரண்டு ஏஏ அல்கலைன் மின்கலங்களில் 2500 மில்லி அம்பியர் மணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வை-பை வாங்கியைத் திறந்து வைத்து 80 மில்லி அம்பியர் செலவிட்டால் அது 31 மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். அதே சாதனம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 4 செக்கன் மட்டும் விழித்து 150 மில்லி அம்பியரில் பேசிவிட்டு, மற்றைய நேரம் 0.02 மில்லி அம்பியரில் உறங்கினால் சுமார் 100 நாட்கள் தாங்கும். மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்றால் ஒன்றரை ஆண்டு. நாளுக்கு ஒருமுறை என்றால் காகிதக் கணக்கின்படி பத்து ஆண்டைத் தாண்டும். ஆனால் மின்கலம் தானாகவே வடிந்துபோவதாலும் நமது வெப்பத்தாலும் அவ்வளவு தாங்காது. இதில் கவனிக்கவேண்டியது, நாளுக்கு ஒருமுறை என்னும் நிலையில் பேச்சைவிட உறக்கமே அதிகம் செலவிடுகிறது என்பதாகும். அதற்கு மேல் பேச்சைக் குறைத்துப் பயனில்லை. உறக்கத்தை ஆழமாக்க வேண்டும். சாதனம் வேலைசெய்கிறது என்று காட்டுவதற்காகச் சிலர் பொருத்திவைக்கும் சிறு சிவப்பு விளக்கு 2 மில்லி அம்பியர் எடுத்தால், அதுவொன்றே 52 நாளில் முழு மின்கலத்தையும் குடித்து முடித்துவிடும். கிணற்றுக்குள் அவ்விளக்கைப் பார்ப்பவை தவளைகள் மட்டுமே.

நிலத்தடி நீர்மட்டம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. நாளுக்கொரு செய்தி தாராளம். வெள்ளத்தைக் கண்காணிக்கும் உணரிக்கு அது போதாது. அங்கே கையாளக்கூடிய வழி, அடிக்கடி அளந்து அரிதாகப் பேசுவது. ஓர் அளவை எடுத்து முன்னைய அளவோடு ஒப்பிடுவதற்கு ஆகும் சக்தி, அதனை வானில் அனுப்புவதற்கு ஆகும் சக்தியோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பம். ஆகவே சாதனம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, மாற்றமில்லை எனில் மௌனமாயிருந்து, நீர் குறித்த அளவைத் தாண்டி ஏறினால் மட்டும் உடனே கூவலாம். நாளுக்கு ஒருமுறையேனும் "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. இல்லாவிடில் அமைதி என்பது ஆபத்தில்லாமையா, மின்கலம் செத்துப்போனதா என்பது எவருக்கும் தெரியாது. முதியவரின் கழுத்திலுள்ள அவசரப் பொத்தானுக்கும் இது பொருந்தும். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்ஸிலும் இருக்க, தனித்திருக்கும் தாயாரின் கழுத்தில் மாதக்கணக்கில் செத்துக்கிடக்கும் பொத்தான் ஒன்று, பொத்தானே இல்லாததிலும் பார்க்கக் கேடானது. அது இருக்கிறதென்ற நம்பிக்கையில் அயலவரும் எட்டிப்பார்க்காமல் விட்டுவிடுவர்.

எவ்வளவு பேசுவது என்பதற்கு அடுத்தது எப்படிப் பேசுவது. தந்தி அனுப்பிய காலத்தில் சொல்லுக்குக் காசு. ஆகவே "வரவும்" என்ற ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் துயரம் முழுவதும் அடங்கியது. இணையப் பக்கங்களுக்கென வகுக்கப்பட்ட நடைமுறையில், ஒரு வெப்பநிலை எண்ணை அனுப்புவதற்கு நூற்றுக்கணக்கான எழுத்துகள் கொண்ட முகவுரை தேவைப்படும். பாலைவனத்துக்கூடாகச் செல்லும் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி மூலம் கண்காணிப்பதற்காக, ஐபிஎம் நிறுவனத்தின் அன்டி ஸ்ரான்போட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் 1999 இல் எம்கியூரிரி என்னும் நடைமுறையை வகுத்தபோது அம்முகவுரையை இரண்டு பைற்று வரை சுருக்க முடிந்தது. இரகசியக் குறியீட்டுப் பாதுகாப்புக்காக ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கைகுலுக்கி அறிமுகமாவதும் பலதடவை போய்வரும் பேச்சைக் கோரும். முன்னைய அறிமுகத்தை நினைவில் வைத்துத் தொடர்வது மலிவு. மின்கலத்தை மிச்சம்பிடிக்கப் பாதுகாப்பையே கைவிடுவோரும் உளர். அது கதவைக் கழற்றி விறகாக்குவது போன்றது.

வானலையைத் தெரிவதிலும் சிக்கனம் உண்டு. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் 2009 இல் தோன்றிய சைக்கிளியோ என்னும் சிறு நிறுவனம் உருவாக்கியதும், 2012 இல் செம்ரெக் நிறுவனம் வாங்கியதுமான லோரா முறை, மிக மெதுவாகப் பேசித் தொலைதூரம் எட்டுகிறது. காதில் விழாதவருக்குச் சொல்லை இழுத்து இழுத்துச் சொல்வதைப் போன்றது அது. வாங்கி அருகிலிருந்தால் ஒரு சிறு செய்தி ஒரு செக்கனின் இருபதிலொரு பங்கில் முடிந்துவிடும். மிகத் தொலைவெனில் ஒன்றரைச் செக்கன் வரை இழுக்கும். அதாவது தூரத்துக்காக ஏறக்குறைய 25 மடங்கு சக்தி. ஆகையால் உயரமான தண்ணீர்த் தாங்கியொன்றில் இன்னுமொரு வாங்கியைப் பொருத்துவது, நூறு கிணறுகளிலுள்ள நூறு மின்கலங்களின் ஆயுளை ஒரே நாளில் நீட்டிவிடக்கூடும். மலையே இல்லாத நமது தட்டை நிலம் இதற்கு வாய்ப்பானது. ஆனால் உணரியின் அலைவாங்கி கிணற்றுக் கட்டுக்கு மேலே இருக்கவேண்டும். சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து கத்தினால் வெளியே கேட்காது.

கையடக்கத் தொலைபேசிக் கோபுரங்களையே பயன்படுத்த விரும்புவோருக்காக 2016 இல் வரையறுக்கப்பட்ட என்பி-ஐஓரி நியமம், கோபுரத்தோடு பதிவை இழக்காமலே நாட்கணக்கில் ஆழ்ந்து உறங்கச் சாதனத்துக்கு இடமளிக்கிறது. உறங்கும்போது எவராலும் அதனை அழைக்க முடியாது. நீர்மானிக்கு அது பொருந்தும். அவசரப் பொத்தானை வெளியிலிருந்து சோதித்துப் பார்க்க விரும்புவோருக்குப் பொருந்தாது.

சூரியப் படல் ஒன்றைப் பொருத்திவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நமது வெயிலுக்கு அது நல்ல யோசனைதான். ஆயினும் வடகீழ்ப் பருவமழை மூடிக்கட்டும் கார்த்திகை, மார்கழியிலேயே வெள்ள உணரி அதிகம் பேசவேண்டியிருக்கும். சூரியன் அப்போதுதான் முகம் காட்டாது. காகங்களின் எச்சமும் கள்வரின் கையும் வேறு. 2002 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெயின் கரைக்கு அப்பாலுள்ள கிரேற் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளைக் கண்காணிக்கக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி ஆய்வாளர்களும் இன்ரெல் ஆய்வுகூடத்தினரும் 32 உணரிகளை நிறுவியபோது, அவை இரண்டு ஏஏ மின்கலங்களில் இயங்கவேண்டியிருந்தன. மனிதர் அடிக்கடி சென்றால் பறவைகள் கூட்டைக் கைவிட்டுவிடும் என்பதால் மின்கலம் மாற்றப் போவதையே தவிர்க்க விரும்பினர்.

நாம் மின்கலத்தைக் கண்டபடி மாற்றாமலிருக்க நமக்கும் ஒரு காரணம் உண்டு. தீர்ந்த மின்கலம் இங்கு பெரும்பாலும் போய்ச்சேருவது குப்பைக் கிடங்குக்கு அல்லது வேலியோரத்துக்கு. சுண்ணக்கல் நிலம் நீரை வடிகட்டி இறக்கும் நிலமன்று. வெடிப்புகளூடாக மேலே உள்ளதைக் கீழே சேர்த்துவிடும் நிலம். சுன்னாகத்தில் கிணற்று நீரில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தில் நாம் அதனைக் கண்டோம். கிணற்றைக் காக்கவென்று வைத்த உணரியின் மின்கலமே கிணற்றைக் கெடுத்தால் அதைவிட அபத்தம் வேறில்லை.

அடுத்த புயலோ மின்வெட்டோ வருமுன் ஒரு குடும்பம் செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடு ஒன்றுண்டு. அதற்குச் செலவு ஏதுமில்லை. வெளிநாட்டிலுள்ள உறவினரோடு இரண்டு நேரங்களைப் பேசி வைத்துக்கொள்ளலாம்: காலை 8 மணி, இரவு 8 மணி. மற்றைய நேரம் தொலைபேசி விமான நிலையில் கிடக்கட்டும். குறித்த நேரத்தில் திறந்து, குரல் அழைப்புக்குப் பதிலாக எல்லோர் நலத்தையும் ஒரே குறுஞ்செய்தியில் அனுப்பி, பதிலைப் பெற்று, ஐந்து நிமிடத்தில் மூடிவிடலாம். வீட்டில் மூன்று தொலைபேசிகள் இருந்தால் ஒன்றை மட்டும் திறந்தாற் போதும். அந்த ஐந்து நிமிடமும் கூரையிலோ முற்றத்திலோ சமிக்ஞை நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நின்றுகொள்ளவேண்டும்.